மச்சான் பார்க்காத மணல்

வேனுக்குள் டீசலும் புளிசாதமும் கலந்த வாசனை. தெள்ளாரில் டீக்கு நிறுத்தியபோதே பெண்கள் தூக்கைத் திறந்து ஒருமுறை முகர்ந்து பார்த்து மூடினார்கள். கெட்டுப்போய்விடக் கூடாதே என்ற கவலை...

நாங்கள் ஆரணியில் பட்டு நெய்கிறவர்கள். அப்போதெல்லாம் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது. அமாவாசை அன்றுதான் தறி நிற்கும். பெண் பார்ப்பது, ஆஸ்பத்திரிக்குப் போவது, சினிமா, எல்லாம் அன்றைக்குத்தான். தெருவோடு கிளம்பிக் கடல் பார்க்கப் போனதும் அப்படி ஓர் அமாவாசையில்தான்.

எந்த பீச் என்பதில்தான் சண்டை. என் மனைவி தனத்தின் அண்ணன் ஏகாம்பரம் பாண்டிச்சேரி என்றார். தெருவே அவர் பக்கம். நான் ஒருவன் மட்டும் மரக்காணத்துக்கு வடக்கே ஒரு மீனவர் கிராமத்தைச் சொன்னேன். முகூர்த்தப் புடவை ஒன்றைக் கொடுத்துவிட்டு வர முதலாளி என்னை அந்தப் பக்கம் அனுப்பியிருந்தார். சவுக்குத் தோப்பைத் தாண்டினால் ஆளே இல்லாத கரை. தறிக்கு ஏற்றும் நூலைத் தெரு நீளத்துக்குப் பாவு நீட்டுவோமே, அந்த மாதிரி ஒரு முழுப் பாவை நீட்டிப் போடலாம், அவ்வளவு அகல மணல்.

எத்தனை பேர் எதிர்த்தும் நான் விடவில்லை. காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை.

கல்யாணமாகி வந்த நாள் முதல் தனம் என் பக்கத்துத் தறியில், குழிக்குள் கால் விட்டு உட்கார்ந்தவள். கடலைப் பார்த்ததே இல்லை. அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"கூட்டம் இல்லாத எடமா பாருங்க. நாலு பேரு எதிர்ல பொடவைய தூக்கிகினு நான் தண்ணில எறங்க மாட்டேன்."

இதைப் போய் மச்சானிடம் சொல்ல முடியுமா? வேன் பேசியது நான், நான் சொல்கிற இடத்துக்குத்தான் போகும் என்று முடித்துவிட்டேன்.

காலையில் போய் இறங்கினால்... மணலைக் காணோம். அலை படகுகளின் அடிவரைக்கும் வந்து வந்து போனது. கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த அம்மா ஒருத்தி எங்களைப் பார்த்துச் சிரித்தாள். அமாவாசையில் கடல் ஏறித்தான் இருக்கும், மத்தியானத்துக்கு மேல்தான் இறங்கும் என்றாள். எங்களுக்கு அமாவாசை என்றால் தறிக்கு லீவு, அவ்வளவுதான். கடலுக்கும் அதில் ஒரு கணக்கு உண்டென்று ஆரணியில் யாருக்குத் தெரியும்?

மச்சான் கரையை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா மாப்ள, பாவு நீட்டலாம்னு சொல்லிகினு இருந்தீங்க. இங்க ஒரு துண்டு உலர்த்த எடம் இல்லியே."

வேன் மொத்தமும் சிரித்தது. டிரைவர்கூடச் சிரித்தான்.

தோப்பில் உட்கார்ந்து அவசர அவசரமாகப் புளிசாதத்தைத் தின்றார்கள். பிறகு பாண்டிச்சேரிக்குப் புறப்பட்டார்கள். நான் வரமாட்டேன் என்று ஒரு படகின் நிழலில் உட்கார்ந்துவிட்டேன். திரும்பும்போது என்னை ஏற்றிக்கொள்ளட்டும்.

மச்சான் தங்கையைக் கூப்பிட்டார். "தனம், நீ ஏறு. அவரு வீம்புக்கு நீ இன்னாத்துக்கு வெயில்ல காயற?"

அவள் ஏறியிருந்தால் நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். பாண்டிச்சேரிக் கூட்டத்தில் கடலைத் தூர நின்று பார்த்துவிட்டு வந்திருப்பாள்.

"நீ போய்ட்டு வாண்ணா. நான் இவரோட இருக்கேன்."

என் செருப்பைக் கழற்றி அலை தொடும் இடத்தில் வைத்தேன். கொஞ்ச நேரம் நனைந்துகொண்டிருந்தது. பிறகு அலை அதை எட்டவில்லை. மத்தியானம் தாண்டியது. செருப்புக்கு முன்னால் மணல் விரிந்துகொண்டே போயிற்று. நான் சொன்ன அதே மணல், ஈரத்தில் பளபளவென்று. கருவாட்டுக்கார அம்மாவும் வீட்டுக்குப் போய்விட்டாள்.

தனம் இரண்டு பக்கமும் பார்த்தாள். புடவையைத் தூக்கிச் செருகினாள். முதலில் கணுக்கால், பிறகு முழங்கால். திடீரென்று என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"காலுக்குக் கீழ மண்ணு நழுவுதுங்க... தறில மிதிக்கட்டை தானா எறங்குற மாதிரி கீது."

அப்புறம் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டாள். எழுப்பவே முடியவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இருட்டுகிற நேரத்தில் வேன் வந்தது. அதற்குள் கடல் மறுபடி ஏறிவிட்டது. மணல் பாதிக்கு மேல் போய்விட்டது.

"மணலு வந்துச்சா மாப்ள?"

வந்துவிட்டுப் போய்விட்டது என்றேன். ஆரணி வரைக்கும் சிரிப்பு. தனம் ஈரப் புடவை மேல் என் துண்டைப் போர்த்திக்கொண்டு, ஒன்றும் சொல்லாதீர்கள் என்று கண்ணாலேயே கேட்டுக்கொண்டாள். நானும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து எந்த விசேஷத்திலும் நான் 'மணல் மாப்ள'. போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் மச்சான் அந்தக் கதையைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னார். பாயசம் வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன்.

இப்போது என் மகனுக்கு பவர்லூம். அதற்கு அமாவாசை கிடையாது, ஞாயிறுதான். நேற்று பிள்ளைகளோடு உட்கார்ந்து போனில் பீச் தேடிக்கொண்டிருந்தான். எத்தனை ஸ்டார், பார்க்கிங் இருக்கிறதா, பாத்ரூம் எப்படி... எல்லாம் பார்க்கிறார்கள். நல்லதுதான். எங்களுக்கு இந்த வசதியெல்லாம் எங்கே? ஆனால் போகிற அன்றைக்குக் கடல் ஏறியிருக்குமா இறங்கியிருக்குமா என்று ஒருவரும் பார்க்கவில்லை.

முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த தனம் தலை நிமிராமல் சொன்னாள்.

"எங்க வேணா போங்க. அமாவாசையா இருந்தா மட்டும் மத்தியானத்துக்கு மேல போங்க."

ஏம்மா என்று மகன் கேட்டான். அவள் என்னைப் பார்த்தாள். இத்தனை வயசுக்கு மேல் என்ன வெட்கம், இதை எழுத வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தீர்களே, எழுதிக்கொள்ளுங்கள் என்றாள்.

எழுதிவிட்டேன். ஏகாம்பரத்துக்கு அவர் பேரன் இதைப் படித்துக் காட்டுவான்.

மணல் இருந்தது மச்சான். உங்க தங்கச்சியைக் கேளுங்க.