மாட்டு முடிச்சு

அன்று வாசலில் இருந்தது நான், மனைவி செல்வி, அவள் தம்பி முருகன், எங்கள் காளை.

பக்கவாதத்தில் என் இடது கை விழுந்திருந்தது. திருப்பதி ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சி கொடுக்கும் அம்மா, "நல்ல கைக்கு உறை போடுங்க. அப்பதான் மூளை இந்தக் கையத் தேடும்" என்றார். உறையை நான் பல்லால் கழற்றிவிடுவேன். அதனால் செல்வி நல்ல கையை மாட்டுக் கயிற்றால் கட்டில் காலில் கட்டினாள்.

"இப்ப இன்னா பண்ணுவே? மாட்டு முடிச்சையும் பல்லால அவுப்பியா?"

அந்த நேரம் பார்த்துக் காளை மிரண்டு, தன் கயிறு அறுத்துக்கினு வந்தது. இடது கைக்கு முடிச்சு அவிழவில்லை. கட்டிலோடு என்னைத் தூக்கி அடித்தது. கொம்பு விலாவைக் கிழித்தது. முருகன் உலக்கையால் அதன் மூக்கிலேயே அடித்து விரட்டினான்.

இப்போது உறை மட்டும்தான், கழற்றுவதில்லை. அதே கயிற்றைக் காலிக் கட்டிலில் கட்டச் சொல்லி, இடது கையால் அவிழ்த்துப் பழகுகிறேன்.

நேற்று அவிழ்த்தது ஏழு முடிச்சு.