ஆறு தசம் எட்டு

சுதாஜினியின் இரத்தத்தில் விற்றமின் டி ஆறு தசம் எட்டு இருந்தது. முப்பதுக்கு மேல் இருக்க வேண்டுமாம். விசுவமடுச் சந்தியிலுள்ள பாமசியில் 2024 ஆனி 10, திங்கட்கிழமை காலை இரத்தம் எடுத்தார்கள். அது யாழ்ப்பாணத்துக்குப் போய், வியாழக்கிழமை முடிவு வந்தது. இரண்டு நாளும் நான் கூட இருந்தேன். அந்தப் பிள்ளையைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இந்த எண்ணிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. மற்றவர்களும் அதிலிருந்துதான் தொடங்கினார்கள். அதோடு முடித்தும் விட்டார்கள்.

அவள் எனக்கு அடுத்த வளவு. 1996 ஐப்பசியில் பிறந்தவள். 2009 மாசியில் யுத்தத்தில் செல் விழுந்து தகப்பன் இறந்தபோது வயது பன்னிரண்டு. முகாமில் ஒரு வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு, தாய் கமலேஸ்வரியோடு திரும்பி வந்தாள். வளவுக்குப் பின்னால் அரை ஏக்கரில் இரண்டு பேருமாகக் கச்சான் கடலை போட்டார்கள். கச்சான் பிடுங்குகிற நாட்களில் பள்ளிக்கூடம் விட்டு வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் வெயிலில் குந்தியிருப்பாள். 2016 தையில் முன்பள்ளி ஆசிரியையானாள். இருபத்திரண்டு பிள்ளைகள். மூன்றரைக் கிலோமீற்றர் சைக்கிளில் போய் வந்தாள். ஏழு இருபதுக்கு என் வீட்டுப் படலையைக் கடப்பாள். நாலரை வருடத்தில் ஏழு இருபத்தைந்தைத் தாண்டியதை நான் காணவில்லை.

2019 புரட்டாதியில் கனடாவிலிருந்து சுஜிதன் வந்தான். பதினாறு நாள் நின்றான். 6ஆம் திகதி கிளிநொச்சியில் பதிவாளர் முன்னால் எழுத்து நடந்தது. தாலிகட்டு அடுத்த சித்திரையில் என்று பேச்சு. நல்ல பெடியன்தான், அதிகம் கதைக்க மாட்டான். ஒருநாள் அவர்கள் வீட்டில் காலைச் சாப்பாட்டின்போது சட்டைப்பையிலிருந்து சிறு போத்தலை எடுத்து ஒரு குளிசை விழுங்கினான். என்ன வருத்தம் என்று கமலேஸ்வரி பயந்துபோய்க் கேட்டாள். வருத்தம் ஒன்றுமில்லை, அங்கே பனிக்காலத்தில் வெயில் இல்லாதபடியால் எல்லோரும் விற்றமின் டி போடுவதுதான் என்றான். வெயிலையும் குளிசையாக்கி விற்கிறார்களா என்று எல்லோரும் சிரித்தோம்.

அடுத்த சித்திரையில் கொரோனாவால் விமானம் ஓடவில்லை. அதற்கடுத்த வருடம் அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. பிறகு இங்கே பெற்றோல் இல்லை, பிறகு அங்கே வீடு வாங்கினார்கள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சுதாஜினியின் படம் ஒன்றை வாட்ஸ்அப்பில் மாமியார் பத்மாசனிக்கு அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. மருமகளைப் பார்த்துக்கொண்டிருக்க ஆசை என்றார். 2020 ஆவணி 23ஆம் திகதிப் படத்தைப் பார்த்துவிட்டு அவர் சொன்னதைக் கமலேஸ்வரி அன்றே வேலிக்கு வந்து எனக்குச் சொன்னாள்.

"பிள்ளை கறுத்துப்போனா எண்டு சொல்லுறா அண்ணை. அங்க நாலு பேருக்கு வெள்ளைப் பிள்ளை எண்டு சொல்லிப்போட்டினமாம். இனி வெயிலில விடவேண்டாமாம்."

சுதாஜினி ஒருநாளும் வெள்ளையில்லை. எழுத்தன்று எடுத்த படத்தில் படக்காரன் வெளிச்சத்தைக் கூட்டியிருந்தான், அவ்வளவுதான். ஆனால் கமலேஸ்வரி அதையே பிள்ளையின் நிறம் என்று எடுத்துக்கொண்டாள். அடுத்த நாளிலிருந்து முன்பள்ளி இல்லை. சைக்கிளைக் கழுவிக் குசினிக்குப் பின்னால் சாத்தினார்கள். கிணற்றடிக்குக் காலை ஆறரைக்கு முன், மாலை ஆறுக்குப் பின். கோயிலுக்கு இருட்டின பிறகு. ஆஸ்பத்திரிக்குப் போனால் குடை, நீளக்கைச் சட்டை, கைக்கு உறை. கச்சானைக் கமலேஸ்வரி தனியே பிடுங்கினாள். யன்னல்களுக்கு இரட்டைச் சீலை தொங்கியது. இதையெல்லாம் இந்தப் பக்கத்தில் எவரும் பெரிதாக எடுக்கவில்லை. வெளிநாட்டு மாப்பிள்ளைக்குக் காத்திருக்கும் பெட்டையை எந்த வீட்டிலும் இப்படித்தான் வைத்திருப்பார்கள். நானும் பெரிதாக எடுக்கவில்லை என்பதை எழுதத்தான் வேண்டும். இரத்தம் எடுத்த நாள் வரைக்கும் 1387 நாட்கள்.

2023 முடிவில் கால் நோகிறது என்றாள். பிறகு இடுப்பு. கதிரையிலிருந்து எழும்பச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. கிராமத்து ஆஸ்பத்திரியில் டொக்டர் பார்த்துவிட்டுத்தான் இந்தப் பரிசோதனையை எழுதிக் கொடுத்தார். மாதம் ஒரு திங்கட்கிழமை இரத்தத்தில் சீனி பார்க்க நான் பாமசிக்குப் போவது வழக்கம். ஒரே ஓட்டோவில் போனோம்.

முடிவு வந்த வியாழக்கிழமை, பாமசியிலிருக்கும் தனுஷா கடதாசியைப் பார்த்துவிட்டுச் சுதாஜினியைப் பார்த்தாள்.

"என்னக்கா இது, ஆறு தசம் எட்டு? வெளிநாட்டில இருந்து லீவில வாற ஆக்களுக்குக்கூட இவ்வளவு குறைவா நான் காணேல்லை."

"அப்ப நான் கனடாவுக்குப் போயிட்டன்," என்றாள் சுதாஜினி. "விசாதான் இன்னும் வரேல்லை."

தனுஷா சிரித்தாள். கமலேஸ்வரி சிரிக்கவில்லை. எலும்பு மெலிந்துகொண்டிருக்கிறது, ஆனால் இது மாறுகிற விஷயம், டொக்டரிடம் காட்டி மருந்தைத் தொடங்குங்கோ, காலையில் கொஞ்ச நேரம் வெயிலில் நில்லுங்கோ என்று தனுஷா விளக்கமாகச் சொன்னாள். நான் என் சீனி அளவை எழுதும் கொப்பியில், அதற்குக் கீழே, சுதாஜினியின் பெயரையும் திகதியையும் 6.8 என்பதையும் எழுதினேன். எவரும் எழுதச் சொல்லவில்லை.

அந்த ஞாயிறு வீடியோவில் பேசும்போது, பிள்ளை சுவரைப் பிடித்து எழும்பியதைப் பத்மாசனி கண்டுவிட்டார். கமலேஸ்வரி ஒளிக்கத் தெரியாதவள். விற்றமின் குறைவாம், குளிசை போட்டால் சரியாம் என்று சொன்னாள். பனிக்குள் இருக்கும் தங்களுக்கு வருவது அந்த வெயிலுக்குள் இருக்கும் பிள்ளைக்கு எப்படி வரும், வேறு எதையோ மறைக்கிறீர்கள் என்பது பத்மாசனியின் பதில். வெயிலைப் பூட்டச் சொன்னவர் அவர்தான் என்று சொல்லக் கமலேஸ்வரிக்கு வாய் வரவில்லை. சம்பந்தியம்மாவிடம் அப்படிக் கதைக்கலாமா என்று பிறகு என்னையே கேட்டாள்.

ஆடி 6, சனிக்கிழமை, சுஜிதனின் தாய்மாமன் அப்புத்துரை புளியங்குளத்திலிருந்து விசாரிக்க வந்தார். கலியாணத்துக்கு முன் அயலில் விசாரிப்பது வழக்கம். எழுத்து முடிந்து ஐந்து வருடத்துக்குப் பிறகு விசாரிக்க வந்தவரை நான் அப்போதுதான் கண்டேன். பெண் வீட்டுக்குப் போகாமல் நேரே என்னிடம் வந்தார்.

"நீங்கள் பொய் சொல்லமாட்டியளெண்டு சந்தியில சொல்லிச்சினம், ஐயா. பிள்ளைக்கு என்ன வருத்தம்?"

"வருத்தமில்லை. வெயில் படாததால வந்தது."

"வன்னியிலயோ?" அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "எனக்கு எழுபத்தொண்டு வயசு. வெயில் படாத மனிசரை இஞ்ச நான் காணேல்லை."

"உங்கட அக்காதான் வெளியில விடவேண்டாமெண்டவா."

"அது பொம்பிளையளின்ர கதை. ரிப்போட்டில என்ன இருந்தது?"

நான் அரசாங்கப் பண்ணையொன்றில் முப்பத்தொரு வருடம் வானிலை அவதானிப்பாளராக இருந்தவன். கண்ணாடி உருண்டைக்குக் கீழே வைத்த அட்டையில் வெயில் எரித்த கோட்டை அளந்து, அன்றைக்கு எத்தனை மணித்தியாலம் வெயில் என்று எழுதுவது என் வேலைகளில் ஒன்று. அளவு கேட்டால் அளவு சொல்வேன். அதைச் சொல்லாமல் இருக்கலாம் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. கொப்பியை எடுத்து விரித்தேன். அவர் கைத்தொலைபேசியால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்தார். வீட்டுக்குள் வைத்த நாட்களின் கணக்கையும் சொன்னேன். தலையாட்டினார். அது எழுத்தில் இல்லை, அதனால் படத்திலும் இல்லை.

ஆடி 14, ஞாயிறு. வழமைபோலப் படம் அனுப்பினார்கள். மாலையில் பத்மாசனியின் அழைப்பு வந்தது, கமலேஸ்வரிக்கு. ஒன்பது நிமிடம்.

"எலும்பு உக்கின பிள்ளையை எங்கட தலையில கட்டப் பாத்தியள் என்ன?" என்பது அதில் கடைசி வசனம். சுஜிதன் கதைக்கவில்லை. இரண்டு நாள் கழித்துச் சுதாஜினிக்கு ஒரு செய்தி அனுப்பினான்: அம்மாவுக்குப் பிரஷர், என்னால் ஒன்றும் செய்ய ஏலாது. அதை அனுப்பிய காலையிலும் அவன் தன் குளிசையைப் போட்டிருப்பான்.

சுதாஜினிக்குக் கிழமைக்கு ஒரு வில்லையாக எட்டுக் கிழமை மருந்து. காலையில் எட்டு மணிக்கு முற்றத்தில் கதிரை போட்டு, சட்டைக் கையை மடித்துவிட்டு இருப்பாள். ஐப்பசி 7ஆம் திகதி மறுபடியும் பாமசிக்குப் போனோம். முப்பத்து மூன்று தசம் ஒன்று. வீட்டுக்கு வந்ததும் அவள் என்னிடம் கொப்பியைக் கேட்டு வாங்கி, அந்தப் பக்கத்தை விரித்து வைத்தாள்.

"இதையும் அதுக்குக் கீழ எழுதுங்கோ, பெரியப்பா."

எழுதினேன். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அப்புத்துரைக்கு அனுப்பினேன். பார்த்தார் என்பதற்கு அடையாளமாக இரண்டு நீலக்கோடு விழுந்தது. பதில் வரவில்லை. கார்த்திகையில் சட்டத்தரணியின் கடிதம் வந்தது. 2025 ஆவணியில் எழுத்து முறிந்தது. ஒருநாளும் கூட இருக்காத புருஷனிடமிருந்து அவள் சட்டப்படி பிரிந்தவள்.

பழைய முன்பள்ளியில் வேறொரு பிள்ளை வேலைக்கு வந்துவிட்டாள். 2025 தையிலிருந்து சுதாஜினி தருமபுரம் பக்கத்தில் உதவி ஆசிரியை. ஐந்து கிலோமீற்றர். இப்போது படலையைக் கடப்பது ஏழு பத்துக்கு. வெறுந்தலையோடு போவாள். நல்லாய்க் கறுத்துவிட்டாள். நடையில் பிழையொன்றும் இல்லை.

புரட்டாதி முடிவில் தரகர் ஒருவர் சுவிஸிலிருந்து ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். மாப்பிள்ளைக்கு நாற்பத்தொன்று. எழுத்து முறிந்ததைப் பெரிதாக எடுக்காத ஆட்களாம். ஒரு படம் கேட்டிருக்கிறார்கள். நிறம் கொஞ்சம் தெளிந்த பிறகு எடுத்து அனுப்புவோம் என்று தரகர் சொல்லிவிட்டுப் போனார்.

ஐப்பசி 17, ஏழு மணி. சுதாஜினி சைக்கிளை வெளியே எடுத்தாள். கமலேஸ்வரி படலையில் நின்று ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டாள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

"ஒரு மூண்டு மாசம் பிள்ளை. மூண்டே மாசம்."

"அம்மா, பிறகும் கால் நோகும்."

"அதுக்குத்தான் இப்ப குளிசை இருக்கெல்லோ," என்றாள் கமலேஸ்வரி. "பிறகேன் வெயில்?"

அவள் குரலில் கோபம் இல்லை. ஒரு வழி கிடைத்துவிட்ட சந்தோஷம்தான் இருந்தது. சுதாஜினி என்னைப் பார்த்தாள். அளவு கேட்டால் சொல்கிறவன் நான். அவள் அளவு எதையும் கேட்கவில்லை. சிறிது நேரம் ஹாண்டிலில் நான்கு கைகள் இருந்தன. பிறகு இரண்டு கைகள்தான் இருந்தன, அவை தாயின் கைகள். கமலேஸ்வரி சைக்கிளை உருட்டிக்கொண்டு குசினிக்குப் பின்னால் போனாள்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. முன்பள்ளி எட்டு மணிக்குத் தொடங்கியிருக்கும். வெயில் ஏழு முப்பத்தைந்துக்கே முற்றத்துக்கு வந்துவிட்டது.