அடுப்பில் வைத்த டீ

நான் வேலை பார்க்கும் பெல்ஃபாஸ்ட் நகரத்தில், புதிதாக அறிமுகமாகிறவர்கள் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாய் என்று கேட்டுக்கொள்வார்கள். ஆபீசில் புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் எங்கள் மேலாளர் ப்ரையன் அப்படிக் கேட்டபோது, அடுத்தது நான்தான் என்று நினைத்து, பொள்ளாச்சியில் நான் படித்த பள்ளியின் பெயரையும் பிளஸ் டூ மார்க்கையும் முந்திக்கொண்டு சொன்னேன். அவர் திருதிருவென்று விழித்துவிட்டு "வெரி குட்" என்றார். பள்ளியை வைத்து மதம் தெரிந்துவிடும். மதத்தை வைத்து, வட அயர்லாந்து பிரிட்டனோடு இருக்க வேண்டும் என்கிறவரா, அயர்லாந்தோடு சேர வேண்டும் என்கிறவரா என்று கணக்குப் போட்டுவிடுவார்கள். இந்த வித்தை எனக்குப் புரிய ஒரு வருஷம் ஆனது.

நல்ல மனிதர்கள்தான். கீழ்வீட்டு மார்கரெட், எனக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று நாள் சூப் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தவர். எங்கள் தெருமுனையில் இரண்டு தரப்பாரின் தெருக்களையும் பிரிக்கிற, இரண்டு ஆள் உயரத்துக்கும் மேலான ஒரு சுவர் உண்டு. அதிலுள்ள கேட்டைப் பொழுது சாய்ந்தால் பூட்டிவிடுவார்கள். அந்தப் பக்கத்து பேக்கரியில் வாங்கிய ரொட்டியை ஒருநாள் மார்கரெட்டிடம் நீட்டினேன். பையில் இருந்த கடைப் பெயரைப் பார்த்தவர், பசியில்லை என்று சொல்லிவிட்டார். மேலே வந்து என் அறைத்தோழன் மகேஷிடம், "பாவம்டா, ரொட்டிக்கெல்லாம் பக்கம் பாக்கறாங்க" என்று சொல்லிச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. "நம்மூர்க்காரங்க கெட்டிடா. செங்கல் செலவே இல்லாம செவுரு கட்டிப்போட்டாங்க" என்றான்.

மகேஷுக்கு எங்கள் ஊருக்கு அடுத்த ஊர். பெல்ஃபாஸ்ட் வந்த முதல் நாள், ஐயாயிரம் மைல் தாண்டி ஒரு பொள்ளாச்சிக்காரன் கிடைத்த சந்தோஷத்தில் நான் அவனிடம் கேட்ட இரண்டாவது கேள்வி, "ஊர்ல எந்தப் பக்கமுங்க?" என்பது. "கெழக்கால, காலனிங்க" என்று சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தான். நான் சரிங்க என்று தலையாட்டினேன். பிறகு மூன்று வருஷம் ஒரே அடுப்பில் சமைத்து, சோம்பலான நாட்களில் ஒரே தட்டிலும் சாப்பிட்டோம். என்னிடம் ஒன்றுமில்லை, நான் அதையெல்லாம் கடந்தவன் என்று மனசுக்குள் மெடல் குத்திக்கொண்டேன்.

போன மாதம் தங்கையின் நிச்சயத்துக்காக ஊருக்கு வந்தேன். மகேஷ் அவன் அம்மாவுக்கு முட்டிவலிக் களிம்பும் சாக்லேட்டும் கொடுத்தனுப்பியிருந்தான். பைக்கில் போய் இறங்கியதும், "வா கண்ணு, பையங்கூட வேல செய்யறவனா? உக்காரு உக்காரு" என்று பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்து, இரண்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். பேச்சோடு பேச்சாக, "நீ எந்த ஊரு கண்ணு? யாரூட்டுப் பையன்?" என்றார். சொன்னேன். அப்பாவின் பெயரைக் கேட்டதும் டீத்தூள் டப்பாவை மூடி வைத்துவிட்டார்.

"மன்னிச்சுக்கோங்க சாமி, பையன் சொல்லவே இல்ல. இருங்க, கடைல கலர் வாங்கியாரேன்" என்று அடுப்பை அணைத்துவிட்டு, வலிக்கிற முட்டியோடு வெயிலில் நடந்தார்.

"வேண்டாங்கம்மா, டீயே போடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் திரும்பி வருவதற்குள் நானே எழுந்து போய் டீயைப் போட்டிருக்கலாம். பெல்ஃபாஸ்டில் தினமும் நான்தான் போடுகிறேன். உட்கார்ந்தே இருந்தேன். சித்தப்பா தோப்புக்குப் போகிற ரோடு அது. நிச்சயத்துக்கு நாலு நாள் இருந்தது. அதெல்லாம் சாக்கு. அவர் கடைக்குக் கிளம்பியதும் எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அதற்குத்தான் இன்றுவரை வெட்கப்படுகிறேன்.

மூடி திறக்காத ஆரஞ்சு பாட்டிலை நாற்காலிக்கு அருகில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார். நான் குடித்தேன். கிளம்பும்போது மெதுவாகக் கேட்டார்: "அங்க நீங்களும் அவனும் ஒண்ணா உக்காந்தா சாப்புடறீங்க?"

"ஆமாங்க. ஒரே தட்டுலகூட."

அவர் முகத்தில் சந்தோஷம் வந்தது, உடனே பயமும் வந்தது. "அத இங்க ஆருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க சாமி. உங்கம்மா சங்கடப்படுவாங்க."

சரிங்க என்றேன். என் மானத்தை அவர் காப்பாற்றிக் கொடுக்க, நானும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டு வாசலில் அம்மா, "அங்க ஏதாச்சும் வாயில வெச்சியா கண்ணு?" என்றாள்.

"கடைல வாங்குன கலர்தாம்மா."

"அதான பாத்தேன். அந்தம்மா வெவரமானவ" என்று நிச்சயத்துக்கான தேங்காய்களைப் பொறுக்க உட்கார்ந்தாள். அம்மாவிடம் பொய் சொல்லத் தேவை ஏற்படவில்லை.

அப்போதுதான் மகேஷ் வீடியோ காலில் கூப்பிட்டான். அங்கே காலை நேரம். அவன் பின்னால் எங்கள் சமையலறை தெரிந்தது. "போனியாடா? எங்கம்மா டீ எப்புடி? ஏலக்கா தட்டிப் போட்டுச்சா?"

அம்மா நாலடி தூரத்தில் இருந்தாள். நான் மாட்டுக்கொட்டகைப் பக்கம் திரும்பி, அவள் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தி, "ரொம்ப நல்லா இருந்துச்சுடா" என்றேன்.