சேர்னெட்ஸில் ஒரு மூக்கு லொறி

காலை 5.30, சுவிசில் துன் நகரம். ஒக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை. ரயில் மேடையில் மூச்சு விட்டால் புகை வந்தது. சட்டைப் பையில் நாள் டிக்கெட், ஹல்ப்டாக்ஸ் என்ற அரைக் கட்டண அட்டை இருப்பதால் முப்பத்தொன்பது பிராங். தோள் பையில் இடியப்பப் பார்சல் இரண்டு. ஒரு பழைய லொறியைப் பார்க்க நாட்டின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போகிறேன் என்று சொன்னபோது என் மனைவி புஷ்பம், "அறுபத்தெட்டு வயசிலை உங்களுக்கு விசர்தான். ரயில் ஜன்னலாலை பாத்தா நூறு லொறி தெரியுமே" என்றாள். அவள் சொல்வது இப்போதைய லொறிகளை. நான் போவது மூக்கனிடம்.

மட்டக்களப்புப் பக்கத்தில் மூக்கன் என்றால் இங்கிலாந்தில் செய்து கப்பலில் வந்த பழைய லொறி. என்ஜின் முன்னால் மூக்குப் போல நீட்டிக்கொண்டு நிற்கும். அப்படி ஒன்றில் பன்னிரண்டு வருடம் நெல் ஏற்றியவன் நான். மட்டக்களப்பு, மகாஓயா, மகியங்கனை, அதன் பிறகு பதினெட்டு வளைவு ஏறிக் கண்டி. பிரச்சினைக் காலத்தில் ஒரு நாள் லொறியை நடு ரோட்டில் விட்டுவிட்டு ஓடினோம். அதோடு சரி. சுவிசுக்கு வந்ததும் கார் லைசன்ஸ் எடுத்தேன். லொறிக்கு வேறு பரீட்சை, வேறு காசு, நமக்கு வராத டொச், அதாவது ஜெர்மன் மொழி. போடா என்று ஹோட்டல் குசினிக்குள் போனவன், முப்பத்தொரு வருடம் கோப்பை கழுவி ஓய்வு பெற்றேன்.

ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இராது என்பார்கள். இன்றைக்கும் நித்திரையில் என் இடது கால் கிளச் மிதிக்கும். "இஞ்சாருங்கோ, வளைவு முடிஞ்சுது, காலை எடுங்கோ" என்று புஷ்பம் உலுப்பிவிடுவாள். கண் விழித்தால் துன் நகரத்து மூன்றாம் மாடி. அந்த நேரத்தில் வருகிற ஏக்கத்தை அவளுக்கு விளக்க எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை.

7.00, சூரிச். பேர்னில் ஒரு மாற்றம், இங்கே இன்னொன்று. கோப்பி ஐந்து பிராங் நாற்பது. குடித்தால் கோபம் வரும், குடிக்காவிட்டால் தலையிடி வரும். குடித்தேன். லான்ட்குவார்ட்டில் சிவப்பு மலை ரயில் ஏறியதும்தான் பயணம் போகிறேன் என்ற எண்ணமே வந்தது. குளோஸ்டர்ஸ் தாண்டிப் பத்தொன்பது கிலோமீற்றர் சுரங்கம். இருட்டுக்குள் போய் மறுபக்கம் வந்தால் எங்கடின் பள்ளத்தாக்கு வெயிலில் கிடக்கிறது. மலைச்சரிவு முழுக்க ஊசியிலை மரங்கள் மஞ்சள் பூசிக்கொண்டு நின்றன. சும்மா சொல்லக்கூடாது, நல்ல அழகு. எதிரில் இருந்த ஒரு வயதான சுவிஸ் பெண்மணி, "மலை ஏறப் போகிறீர்களா?" என்று கேட்டார். "இல்லை, லொறி ஓட்ட" என்றேன். அவர் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

பத்து மணிக்குச் சற்று முன், சேர்னெட்ஸ். கணபதி தன் சின்னக் காரோடு நின்றான். கணபதிதான் அந்த மூக்கனில் எனக்குக் கிளீனராக இருந்தவன். என்னைவிட ஆறு வயது இளையவன். இங்கே ஒரு ஹோட்டலில் முப்பது வருடமாக மரக்கறி வெட்டுகிறான். மீசை வெளுத்துவிட்டது. நகக்கண்ணில் கிறீஸ் கறுப்பு, அந்தப் பழைய கறுப்பு.

அந்தக் காலத்துக் கிளீனரின் வேலையை இங்கே சொல்ல வேண்டும். மூட்டை ஏற்றுவது, மழைக்குப் படங்கு விரித்துக் கட்டுவது, ரேடியேற்றருக்குத் தண்ணி விடுவது எல்லாம் அவன். ஏற்றத்தில் லொறி நின்றால் குதித்து இறங்கிப் பின் சில்லுக்குக் கட்டை வைப்பதும் அவன். ஆப்பு மாதிரிச் சீவிய மரக்கட்டை அது. பிரேக்கை நம்பினாலும் நம்பாவிட்டாலும் கட்டை வைத்தே தீர வேண்டும். றைவர் கட்டையைத் தொடமாட்டான், கிளீனர் ஸ்டியரிங்கைத் தொடமாட்டான். எங்களுக்குள் எழுதாத சட்டம். ஒவ்வொரு றிப்பிலும், அதாவது பயணத்திலும், மகாஓயா நேர் ரோட்டுக்கு வந்ததும் கணபதி ஸ்டியரிங்கைப் பார்த்துக் கேட்பான், "அண்ணை, ஒருக்காத் தாறியளோ?" நானும் சொல்வேன், "அடுத்த றிப்." பன்னிரண்டு வருடமும் இதே கேள்வி, இதே பதில். கடைசிப் பயணத்திலும் அதையேதான் சொன்னேன்.

காரில் போகும்போது விஷயத்தைச் சொன்னான். யாகன் என்ற விவசாயியின் கொட்டிலில் அவருடைய தகப்பன் மரம் ஏற்றிய சுவிஸ் மூக்கன் ஒன்று கிடந்திருக்கிறது. இரண்டு வருடம், ஞாயிறு தவறாமல் போய்த் திருத்தியிருக்கிறான்.

"ரேடியேற்றர் ஒழுகினது அண்ணை. என்ன செய்தனான் தெரியுமோ?"

"மஞ்சள் தூள் போட்டிருப்பாய்."

"ஓம்! ஹோட்டல் குசினியிலையிருந்து அரைக் கிலோ. யாகன் தலையிலை கை வைச்சிட்டார். பிறகு ஒழுக்கு நிண்டிட்டுது."

நாங்கள் அப்படித்தான் வாழ்ந்தோம். ரேடியேற்றருக்கு மஞ்சள், பெற்றோல் ராங்க் ஒழுகினால் சவுக்காரம், பம்ப் சூடேறினால் ஈரச் சாக்கு. சாமான் கடை நூறு மைலுக்கு அப்பால் இருந்தால் மனிதனுக்கு மூளை வேலை செய்யும்.

"ஆனா திங்கக்கிழமை ஜெர்மனியிலையிருந்து ஒருத்தர் வந்து ஏத்திக்கொண்டு போறார். வித்தாச்சு" என்றான் கணபதி. "இண்டைக்கு ஒரேயொரு ஓட்டம் அண்ணை. கீழ்க் கொட்டிலிலையிருந்து மேல் கொட்டில் மட்டும் போய், திரும்பி வாறது. ரோட்டு யாகன்ரை சொந்த ரோட்டு, லைசன்ஸ் பிரச்சினை இல்லை. ஒண்டரைக் கிலோமீற்றர்."

ஒன்றரைக் கிலோமீற்றர். போக, வர மூன்று. முப்பத்தைந்து வருட ஆசைக்கு அவ்வளவுதான் ரோட்டு.

10.40, கீழ்க் கொட்டில். யாகன் என் வயதுக்காரர், அதிகம் பேசாத மனிதர். கதவை இழுத்துத் திறந்தார். பச்சை நிற மூக்கன். வட்ட விளக்கு இரண்டும் முழித்துக்கொண்டு என்னைப் பார்த்தன. ஸ்டியரிங் வலப்பக்கம். மலை ரோட்டில் ஓரத்துப் பள்ளம் தெரிய வேண்டும் என்று அந்தக் காலத்து ஆட்கள் அப்படித்தான் விரும்புவார்கள் என்றார் யாகன். எனக்கோ அது அப்படியே என் லொறி. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சில்லுக்கு மேலிருந்த மட்காட்டில் கை வைத்து அழுதேன்.

கணபதி நாலு சில்லுக்கும் அடியில் நாலு தேசிக்காய் வைத்தான். யாகன் குனிந்து பார்த்து, "இது என்ன?" என்று டொச்சில் கேட்டார். "இது எங்கட எம்எஃப்கா" என்றான் கணபதி. இங்கே வாகனங்களுக்கு அரசாங்கம் செய்யும் பரிசோதனைக்கு அதுதான் பெயர். அந்த மனிதர் முதல் தடவையாகச் சிரித்தார்.

"கியர் சத்தம் கேட்டால் நிறுத்திவிடுவேன். நான் ஓட்டினாலே அது கத்தும்" என்றார். பிறகு பின்னால் ஏறி நின்றுகொண்டார்.

கணபதி என்ஜினைச் சுற்றிக் கிளப்ப முன்னால் ஹாண்டிலைப் போட்டான். "பெருவிரலை மடக்காதை!" என்று கத்தினேன், ஹாண்டில் திருப்பி அடித்தால் விரல் போய்விடும். "தெரியும் அண்ணை" என்று பல்லைக் காட்டினான். மூன்றாவது சுற்றில் பிடித்தது. அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தமிழ் போதாது. தேசிக்காய் நசுங்க மூக்கன் வெளியே வந்தான். கிளச், நியூற்றல், மறுபடி கிளச், இரண்டாம் கியர். ஒரு முனகல் இல்லை. முழங்கால் வலியும் இல்லை, வயதும் இல்லை. பின்னாலிருந்து யாகன் "பிராவோ" என்றார். காற்றில் நெல் வாசம் அடித்ததென்று சத்தியம் பண்ணுவேன், அது வைக்கோல்.

முதலாவது வளைவில் கணபதி தன் பக்கத்துக் கதவில் படபடவென்று அடித்தான். "அண்ணை, அண்ணை! வலப்பக்கம்! வலப்பக்கம் எடுங்கோ!"

எதிரே உழவு இயந்திரம் ஒன்று வைக்கோல் பெட்டியோடு நேராக வந்துகொண்டிருந்தது. யாகனின் மகள் ஓட்டி வந்தாள். "இவள் ஏன் என்ரை பக்கத்தாலை வாறாள்?" என்று எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகுதான் விளங்கியது. நான் ரோட்டின் இடப்பக்கம் போய்க்கொண்டிருக்கிறேன். முப்பது வருடம் இந்த நாட்டில் வலப்பக்கம் கார் ஓட்டியவன், வலப்பக்க ஸ்டியரிங்கில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டதும் கை தன்பாட்டில் ஊருக்குப் போய்விட்டது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது பொய்யில்லை. பிரேக்கில் ஏறி நின்றேன். இரண்டு மீற்றர் மிச்சம்.

லொறி பின்னால் உருளத் தொடங்குமுன் கணபதி குதித்துவிட்டான். அறுபத்திரண்டு வயது மனிதன். பின் சில்லடியில் கட்டை விழும் சத்தம் கேட்டது.

மகளிடம் கையெடுத்துக் கும்பிட்டேன். அவள் வெளிறிப்போயிருந்தாள். யாகன் இறங்கி வந்து என்னையும் ரோட்டையும் பார்த்தார். முடிந்தது கதை என்று நினைத்தேன். "கியர் நல்லாயிருக்கிறது. ரோட்டுத்தான் மற்றப் பக்கம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பின்னால் ஏறினார். மிச்சத் தூரத்தை வலப்பக்கம், வலப்பக்கம் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே ஓட்டினேன்.

12.15, மேல் கொட்டில். லொறியைத் திருப்பிச் சரிவில் நிறுத்தினேன், கணபதி கட்டை வைத்தான். இடியப்பத்தை மூன்று பேரும் பகிர்ந்து தின்றோம். சம்பல் உறைத்து யாகனுக்குக் கண்ணீர் வந்தது. கீழே இன் என்ற ஆறு வெள்ளி நூல் மாதிரித் தெரிந்தது. நான் ஆற்றைப் பார்க்கவில்லை. திரும்பிப் போகும் ஒன்றரைக் கிலோமீற்றரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது எனக்கு வேண்டும். இனி ஒருநாளும் கிடைக்காது. முதல் பாதியைப் பிழையாக ஓட்டினேன், இரண்டாம் பாதியையாவது ஒழுங்காக ஓட்ட வேண்டும். லொறியை ஸ்டார்ட் பண்ணும் திறப்பு என் கையில் இருந்தது.

கணபதி லொறியைச் சுற்றிவந்து பழந்துணியால் கண்ணாடி துடைத்தான். பிறகு வழக்கம்போல இடப்பக்கக் கதவடியில் போய் நின்றான். இரண்டு வருடம் தன் கையால் உயிர் கொடுத்த லொறி. இன்றைக்கு அவன் ஒருக்காத் தாறியளோ என்று கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் "அடுத்த றிப்" என்றுதான் என் வாயில் வந்திருக்கும், எனக்கு என்னைத் தெரியும்.

"டேய், இஞ்சாலை வா. ஏறு" என்றேன்.

"பகிடி விடாதேங்கோ அண்ணை."

"ஏறடா. அடுத்த றிப் இதுதான்."

யாகனைப் பார்த்தேன். அவர் தோளைக் குலுக்கினார். கணபதி திறப்பை வாங்கவில்லை; நான்தான் அவன் உள்ளங்கையைப் பிரித்து வைத்தேன். அவன் ஏறி ஸ்டியரிங்கைத் தொடாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். நான் முன்னால் ஹாண்டிலைச் சுற்றி என்ஜினைக் கிளப்பினேன்; பிறகு பின்னால் போய் முழங்காலில் விழுந்து கட்டையை உருவினேன். அப்பாடா, என்ன பாரம்! ஓடிவந்து இடப்பக்கம் ஏறிக் கதவை இரண்டு தட்டுத் தட்டினேன். அது கிளீனர் றைவருக்குச் சொல்லும் "போகலாம்".

கியர் கர்ரென்று கத்தியது. யாகன் நிறுத்தச் சொல்லவில்லை. இரண்டாம் கியருக்கும் கத்தியது. ஆனால் கணபதி வலப்பக்க ஓரத்தை ஒரு அங்குலம் விடவில்லை. அவன் வாகனம் ஓட்டப் பழகியதே இந்தப் பள்ளத்தாக்கில்தான். மறக்க வேண்டிய ரோட்டு அவனுக்கு இருக்கவில்லை. நான்தான் அதைக் கொடுக்கவில்லையே. பதினெட்டு வளைவில் பள்ளம் கிளீனர் பக்கம். பன்னிரண்டு வருடம் அவன் அந்தப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு என்னோடு வந்தான். அந்த இருக்கையில் அன்றுதான் நான் முதன்முதல் உட்கார்ந்தேன்.

கீழ்க் கொட்டில் வாசலில் அவன் நிறுத்தியதும் நான் குதித்துச் சில்லடியில் கட்டை வைத்தேன். அதன் பிறகும் கணபதி ஸ்டியரிங்கை விடவில்லை. "மகாஓயா நேர் ரோட்டும் இப்பிடித்தானே அண்ணை இருக்கும்?" என்று கேட்டான். ஓம் என்றேன்.

மாலை, திரும்பும் ரயில். சூரிச்சுக்குக் கிட்ட எதிர் ரயில் ஒன்று எங்கள் வலப்பக்கத்தால் பறந்து போனது. அப்போதுதான் கவனித்தேன், இந்த நாட்டில் ரோட்டு வலப்பக்கம், ரயில் இடப்பக்கம். இத்தனை வருடமும் நான் சும்மா உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் ஊர்ப் பக்கத்தால்தான் போயிருக்கிறேன். ஏக்கம் தீர்ந்ததா என்றால் இல்லை, இன்னும் கூடித்தான் போனது.

வீட்டுக்குள் நுழைந்ததும் புஷ்பம் என் காற்சட்டை முழங்காலில் இருந்த மண்ணைப் பார்த்தாள்.

"லொறி ஓடினியளோ?"

"ஓடினன். பிறகு கணபதி ஓடினான்."

"ஆர், கிளீனர் கணபதியோ? அப்ப நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"கட்டை வைச்சன்" என்றேன்.