மண்சட்டியில் இருந்ததை நான் பார்க்கவில்லை

வெள்ளையம்மா மீது நான் பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் அவள் பிழைப்புப் போயிற்று. பிரசவத்துக்குப் பின் காய்ச்சலில் கிடக்கும் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முக்கியமாக, படித்த கணவன்மார்களுக்காக.

அறுபதுகளின் நடுவில் காரைக்குடியில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்தேன். என் மனைவி தெய்வானைக்கு நாச்சியாபுரத்தில் தாய்வீட்டில் தலைப்பிரசவம். பிரசவம் பார்த்த மருத்துவச்சிதான் வெள்ளையம்மா. மகன் நல்லபடியாகப் பிறந்தான். நான் போய்ச் சேர்ந்தபோது அவள் ஒரு மண்சட்டியோடு முற்றத்தில் நின்றாள். சட்டியில் நஞ்சு (குழந்தைக்குப் பின் கருப்பையிலிருந்து வெளியேறும் சதை) இருந்தது.

"சார், ஓரத்துல ஒரு துண்டு கொறையுது. உள்ள தங்கிருச்சு. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். நீங்க படிச்சவுக, ஒரு தடவ பாருங்க."

அந்த வீட்டில் ஆண்கள் அதைப் பார்ப்பதில்லை. தீட்டு. எனக்குத் தீட்டில் நம்பிக்கை கிடையாது. வகுப்பில் அதைக் கிண்டல் செய்பவன். ஆனால் குமட்டியது. குமட்டலை மறைக்கத் தீட்டு வசதியாக இருந்தது.

"கொண்டுபோய்ப் புதை" என்றேன்.

"நீங்க பாக்காமப் புதைக்க மாட்டேன் சார்."

"எனக்கே பாடம் நடத்துறியா?"

மாப்பிள்ளை வாய் திறந்து சொல்லாமல் அந்த வீட்டில் கார் பிடிக்க மாட்டார்கள். மாமியார் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லவில்லை. கடைசியில் வெள்ளையம்மாவே புதைத்தாள்.

ஐந்தாம் நாள் தெய்வானைக்குக் குளிர்காய்ச்சல், விடாத உதிரப்போக்கு. மதுரையில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். செப்டிக் (கிருமி ரத்தத்தில் கலந்த நிலை) என்றார்கள்.

"நஞ்சு முழுசா வந்துச்சா? யாராவது பார்த்தீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"மருத்துவச்சி எதையும் காட்டவில்லை" என்றேன்.

டாக்டரம்மா அப்படியே எழுதிக்கொண்டார். மாமியாருக்கு உண்மை தெரியும். மாப்பிள்ளையைப் பொய்யன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பார்க்க வந்த உறவினர்கள் என் சொல்லை ஊருக்குக் கொண்டுபோனார்கள்.

உயிரைக் காப்பாற்ற வேறு வழியில்லாமல் கருப்பையை எடுத்தார்கள். தெய்வானைக்கு அப்போது இருபத்திரண்டு வயது.

காரைக்குடிக்குத் திரும்பியபின் பல வாரங்கள் அவளால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. கல்லூரி நூலகத்திலிருந்து ஓர் அமெரிக்க நாவல் எடுத்து வந்தேன். குடியேறிய வெள்ளைக்காரர்கள் காட்டைத் திருத்தி ஊர் அமைத்த காலத்து மருத்துவச்சியின் கதை. படித்துப் படித்துத் தமிழில் சொல்வேன். அதில் ஒரு தாய் இறந்துபோகிறாள். ஊரில் படித்த மனிதன் பழியை மருத்துவச்சி மேல் போடுகிறான். படித்தவன் சொன்னதை ஊர் நம்பிவிடுகிறது.

"அயோக்கியன்!" என்று புத்தகத்தை மூடினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நம்புங்கள், அந்த நிமிஷம் எனக்கு என் நினைவே வரவில்லை. என் பொய்யை அதற்குள் நானே நம்பத் தொடங்கியிருந்தேன்.

தெய்வானை சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள்.

"எவளோ அமெரிக்காக்காரிக்கு அழுகுறீக. நம்ம வீட்டுல சட்டியோட நின்னவளுக்கு யாரு அழுகுறது? உள்ள கெடந்த எனக்கு எல்லாம் கேட்டுச்சு."

"அப்பவே ஏன் சொல்லல?"

"காய்ச்சல்ல உளறுறான்னு சொல்லியிருப்பீக."

சொல்லியிருப்பேன்.

வெள்ளையம்மாவை அதற்குப்பின் எந்த வீட்டிலும் பிரசவத்துக்குக் கூப்பிடவில்லை. சிங்கம்புணரிக்கு மகள் வீட்டோடு போய்விட்டாள். நான் தேடிப் போனபோது தென்னங்கயிறு திரித்துக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்டேன். திரிப்பதை அவள் நிறுத்தவில்லை.

"பொய்ய ஊருக்கே சொன்னீக. நெசத்த மட்டும் இங்குட்டு வந்து எங்காதுல சொல்றீகளா சார்?"

மகனின் காதுகுத்துக்கு நாச்சியாபுரத்தில் சொந்தமெல்லாம் கூடியிருந்தபோது எழுந்து நின்று சொன்னேன்: அவள் காட்டினாள், நான்தான் பார்க்கவில்லை, ஆஸ்பத்திரியில் பொய் சொன்னேன். தெய்வானையின் பெரியப்பா பேசினார்.

"மாப்பிள்ளைக்கு எம்புட்டுப் பெரிய மனசு! அவ செஞ்ச தப்பத் தன் தலையில போட்டுக்கிறாரு பாருங்க."

எல்லோரும் தலையாட்டினார்கள். "நான் சொல்றது உண்மை!" என்று கத்தினேன். தோளைத் தட்டிப் பந்திக்கு அழைத்துப் போனார்கள். என் பொய்யை ஒரே நாளில் நம்பிய அதே மனிதர்கள். இப்போது நினைத்தாலும் அந்த இலைகளையெல்லாம் தூக்கி எறியத் தோன்றுகிறது. அதற்குப்பின்னும் வெள்ளையம்மாவைப் பிரசவத்துக்கு யாரும் கூப்பிடவில்லை.

டாக்டரம்மாவுக்கும் எழுதினேன். இரண்டு வரியில் பதில் வந்தது: "குறிப்பில் திருத்திவிட்டேன். அன்றே கொண்டுவந்திருந்தால் கருப்பையைக் காப்பாற்றியிருக்கலாம்."

உங்களிடம் ஒருத்தி சட்டியை நீட்டினால் குனிந்து பாருங்கள். குமட்டினால் குமட்டட்டும்.

தெய்வானைக்கு மழை வரும் முன்னே தையல் போட்ட இடம் இழுக்கும். மாதம் என்பது அவளுக்குக் காலண்டரில் மட்டும்தான். உடம்பு எண்ணுவதை இருபத்திரண்டிலேயே நிறுத்திவிட்டது. எழுபதுகள் முழுக்க, மகன் பிறந்த நாளில் அவனைக் கூட்டிக்கொண்டு சிங்கம்புணரிக்குப் போவாள். நானும் போவேன். வெள்ளையம்மா அவளை உள்ளே படுக்கவைத்து அந்தத் தழும்பை விரலால் தடவிப் பார்ப்பாள்.

உள்ளே அழைக்கும்போது ஒவ்வொரு வருடமும் வாசலில் அதே சொல்தான்.

"நீ உள்ள வா தாயி. சார் அங்குட்டே நிக்கட்டும்."

நின்றேன்.