நான் துடைத்த வெள்ளைப் பசை

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனால் என் வீட்டில் ஒரு தூசி காண முடியாது. அந்தப் பெருமையே ஒரு நல்ல மனிதரின் பெயரைக் கெடுக்கப் பார்த்தது.

என் மகள் வீட்டில் இருந்தபடியே கலியாணக் கார்டு அடித்துக் கொடுப்பவள். பழைய கொம்பியூட்டர் மெதுவாகிவிட்டதால், சாவகச்சேரியில் கடை வைத்திருக்கும் தயாபரன் வந்து அதன் மூளை மாதிரியான, விலை குறைந்த டூவல் கோர் புரொசசர் ஒன்றைப் பூட்டினார். அதன்மேல் வெள்ளையாக ஏதோ பூசியவர், போன் வந்ததும் முற்றத்துக்குப் போனார். அழுக்கென்று நினைத்து நான் அதைத் துணியால் துடைத்துவிட்டேன். அவர் போனில் கதைத்தபடியே வந்து, பார்க்காமல் அதன்மேல் சிறிய காற்றாடியைப் பூட்டினார்.

கொம்பியூட்டர் சூடேறி நின்றது. மறுபடி போட்டாலும் அப்படியே.

"பழுதான சாமானை எங்கடை தலையிலை கட்டிப்போட்டியளோ, அண்ணை? உங்கடை கடைக்கு ஒருத்தரும் போகவேண்டாமெண்டு சொல்லுவன்" என்றாள் மகள்.

"புதுச் சாமான், தங்கச்சி. சத்தியமாய்." அவர் முகம் கறுத்துவிட்டது.

எனக்கு அந்த வெள்ளை நினைவுக்கு வந்தது. சொல்ல வெட்கம். கையிலிருந்த துணியை மடித்து வைத்துவிட்டுத்தான் சொன்னேன்: "தம்பி, நீங்கள் பூசினதை நான்தான் துடைச்சனான்."

"அது சூட்டை இறக்கிற பசையெல்லோ, அம்மா! கண்ணாடி மாதிரித் துடைச்சிருக்கிறியள்."

திரும்பப் பூசினார்; கொம்பியூட்டர் நிற்காமல் ஓடியது. மகள் அவரிடம் மன்னிப்புக் கேட்டாள்.

இப்போது துணியை எடுக்கமுன் கேட்கிறேன். என்னில் பிழையென்றால், இன்னொருவர் முகம் கறுக்கும்வரை காத்திருப்பதில்லை.