கயிற்றுக்கு வந்த வெள்ளைப் பூ

சிதம்பரத்தில் நடராசரைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது, கடலூர் செம்மண்டலத்து எங்கள் வீட்டிலிருந்து என் கணவர் போனில் கூப்பிட்டார். "சிங்காரம் மாமா போயிட்டாரும்மா." கோபுரத்தைப் பார்த்துக் கையெடுத்துவிட்டுப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் அழுகை, அவர் பேச்சு நினைவுக்கு வர, நடுவில் சிரிப்பும் வந்தது.

என் கணவரின் தாய்மாமா அவர். சிப்காட் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் காடாம்புலியூர்ப் பக்கத்துச் சொந்த ஊருக்குத் திரும்பி, ஐயனார் கோயில் காட்டைக் கவனிக்கத் தொடங்கினார். காடெங்கும் சீமைக்கருவேலம் ஏறியிருந்தது. அதன் அடியில் மகிழங்கன்றும் வீரைக்கன்றும் முளைத்த வேகத்தில் கருகின. செங்காந்தள் பூத்து வருடக்கணக்காகியிருந்தது.

"நான் கண்ண மூடுறதுக்குள்ள இங்க செங்காந்தளப் பாத்துடணும்" என்பார்.

சாமி காட்டில் கத்தி படக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. மாமா, சாமி முன்னால் இரண்டு பொட்டலங்களில் பூக் கட்டிப் போட்டு, ஒன்றை எடுத்துப் பார்க்கச் சொன்னார். வெள்ளை வந்தால் கருவேலத்தை வெட்டலாம்; சிவப்பு வந்தால் கூடாது. பூசாரி எடுத்த பொட்டலத்தில் சிவப்பு. மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு மெல்லக் கேட்டார்:

"கத்திக்குத்தான இல்லன்னாரு? கயிறு கட்டி வேரோட இழுத்தா?"

"யோவ் சிங்காரம், சாமிகிட்டயே வக்கீல் வேலயா?" என்றார் பூசாரி.

"நான் எதுக்குய்யா வாதாடணும்? அதுக்கும் ஒரு பூ கட்டு."

வெள்ளை வந்தது.

ஐப்பசி மழையில் மண் இளகியதும் செம்மண்டலத்திலிருந்து எங்கள் பஜனைக் குழுப் பெண்களெல்லாம் போய்க் கயிறு பிடித்தோம். பெருமரங்களுக்கு மட்டும் டிராக்டர் வந்தது. ஒரு மரம் சட்டென்று பிடுங்கிக்கொள்ள, மாமா சேற்றில் மல்லாந்தார். "அடிபட்டுச்சா மாமா?" என்று ஓடினேன். "இல்லம்மா. செத்த உக்காருடான்னுட்டாரு ஐயனாரு."

பக்கத்து முந்திரிக் கொல்லையில் வெட்டிய கருவேலம் கொத்துக் கொத்தாகத் துளிர்த்தது. வேரோடு பிடுங்கிய எங்கள் காட்டில் துளிர்க்கவில்லை. "பாத்தியாம்மா, அவருக்கு நம்மளவிட வெவரம் ஜாஸ்தி" என்று மாமா சிரித்தார்.

கணக்கு வைப்பது என் பழக்கம். வெயில் விழுந்த இடங்களில் தலையெடுத்த கன்றுகளை எண்ணி அவரிடம் ஒப்பிப்பேன். போன மழைக்காலத்தில் செங்காந்தள் புதரேறிப் பூத்தது. "எண்ணும்மா" என்றார். நான் முடிப்பதற்குள் பொறுக்காமல் அவரே எண்ணி முடித்துவிட்டார்.

"நான் போனா அந்தப் பூவப் பறிச்சு எம்மேல போட்டுடாதீங்க. வெதை வுழட்டும்" என்று அன்றே சொல்லிவைத்தார். கடையில் வாங்கிய சாமந்தி மாலைதான் போட்டோம்.

காரியம் முடிந்து காட்டுக்குப் போனோம். செங்காந்தள் காய்கள் வெடித்து, சிவந்த விதைகள் மண்ணில் கிடந்தன. பக்கத்திலேயே ஒரு கருவேலங்கன்று எட்டிப் பார்த்தது. பூசாரி என்னைப் பார்த்தார். குனிந்து வேரோடு பிடுங்கினேன்.

நிம்மதியாகப் போங்கள் மாமா. உங்கள் கயிறு எங்கள் பூசையறைக் கதவோரம் தொங்குகிறது. மழை விழட்டும், இழுக்கிறோம்.